கடுகு சாஸ் கேட்டவன்

அன்புத் தம்பிக்கு,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நம் ஊர் சென் காலன் கால்பந்து மைதானத்தில் உன் இருக்கை காலியாகக் கிடக்க வேண்டாமே என்று ஞாயிறன்று போய் உட்கார்ந்தேன். நம் அணியின் பச்சை ஸ்கார்ஃபோடு பக்கத்தில் ஒருவன்.

"அக்கா, உங்க தம்பியும் நானும் சின்ன வயசுல இருந்தே இங்கதான் கத்துவோம். இப்ப எங்க இருக்கான்?"

நல்லவன் போலத்தான் பேசினான். நீ பெலின்சோனாவில் இருப்பதைச் சொல்லிவிட்டேன்.

இடைவேளையில் எனக்கும் சேர்த்து சாசேஜ் வாங்கியவன், கடுகு சாஸ் கேட்டான். கடைக்காரி ஃப்ரேனி சிரித்தாள்: "நம்ம ஊர் சாசேஜ்ல கடுகு சாஸ் பட்டா பாவம்யா! நீ எந்த ஊரு?"

அவன் சிரிக்கவில்லை. இரண்டாம் பாதிக்கு அவன் வரவும் இல்லை.

நீ என்ன செய்தாய் என்று இப்போதும் கேட்கமாட்டேன். அங்கிருந்து உடனே கிளம்பிவிடு. பச்சை ஸ்கார்ஃபைப் பார்த்து, நம்ம ஆள் என்று கதவைத் திறந்துவிடாதே.

உன் அக்கா