மூடியைத் திறந்து பார்த்த மேடத்துக்கு

மேடம்,

இன்று மத்தியானம் மேலூரில் ஒரு சோற்றுப்பானையின் மூடியைத் திறந்தேன். ஆவி குபீரென்று எழும்பி என் மூக்குக் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. ஒன்றுமே தெரியவில்லை. அடுத்தவர் வீட்டு அடுப்படியில், கண்ணாடி முழுக்க ஆவியோடு, கையில் மூடியோடு நிற்கிற ஆளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அது நீங்கள். நின்றது என் வீட்டில்.

"என்னண்ணே, ஒங்க மகளுக்குச் சோறு போடுறோமா இல்லையான்னு பாக்க வந்தீகளா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. செல்வியின் மாமியார்.

"இல்லம்மா, வாசம் இழுத்துச்சு" என்றேன். வெறும் சோற்றில் என்ன வாசம்? அந்த அம்மாள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

செல்வியை உங்களுக்கு மறந்திருக்காது. எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளில் மூத்தவள். கட்டிக்கொடுத்து ஒரு வருஷம் ஆகவில்லை. இன்று போன்கூடப் பண்ணாமல், மில்லில் அரைத்த சத்துமாவு ஒரு பையோடு பஸ் ஏறிப் போய் இறங்கிவிட்டேன். சொல்லிவிட்டுப் போனால் வீட்டைப் பெருக்கி, முகத்தையும் துடைத்து வைத்திருப்பார்கள். இது உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட புத்தி.

"எப்படித்தா இருக்க?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கேன்ப்பா. ஒரு குறையும் இல்லை."

நான் நேராக அடுப்படிக்குப் போய்விட்டேன், மேடம். மகள் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் எந்தத் தகப்பனாவது அப்படிப் போவானா என்று ஊரில் கேட்பார்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

நீங்கள் முதன்முதலாக வில்லாபுரத்தில் எங்கள் வாசலுக்கு வந்த அன்று, நான் மாவு மில்லிலிருந்து தலை முதல் கால் வரை வெள்ளையாக வந்து நின்றேன். யார் என்று கேட்டீர்கள். வீட்டுக்காரர் என்றேன். ஏற இறங்கப் பார்த்தீர்கள். மாவில் முக்கி எடுத்த வாழைக்காய், எண்ணெய்க்குப் போகாமல் வாசலில் வந்து நின்றால் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை உங்கள் ஆபீஸ் எங்களைப் போன்ற குடும்பங்களில் விட்டு வளர்க்கும். என் வீட்டுக்காரிக்கு ஒன்றோடு நிறுத்தத் தெரியவில்லை. ஒன்று வந்தது. அதற்குத் துணைக்கு ஒன்று, துணைக்கு வந்ததோடு சண்டை போட இன்னொன்று என்று, என் சொந்த மகனையும் சேர்த்து வீட்டில் ஏழு உருப்படி ஆகிவிட்டது. "லாபம் இல்லாமயா இம்புட்டுப் பிள்ளைகள வளப்பான்?" என்று எதிர்வீட்டு அண்ணாச்சி டீக்கடையில் கேட்டாராம். காதில் விழுந்ததும், மறுநாள் அவர் டீக்கும் நானே காசு கொடுத்தேன். அது இன்னும் பெரிய சந்தேகமாகிவிட்டது.

ஆனால் தெரு முழுக்கப் பட்ட சந்தேகம் உங்கள் ஒருத்தர் சந்தேகத்துக்குக் கிட்ட வராது. சொல்லாமல் வருவீர்கள். செருப்பைக் கழற்றியதும் நேராக அடுப்படி. பானை மூடி, பிரிட்ஜ் கதவு, அலமாரி எல்லாம் திறந்தாக வேண்டும். பாய் தலையணையை எண்ணுவீர்கள். பிள்ளைகளின் பிரஷ்ஷைத் தொட்டு, காலையில் நனைந்ததா என்று பார்ப்பீர்கள். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று போட்டுப் பார்ப்பீர்கள். ஒரு நாள் "இதுல உங்க சொந்த மகன் யாரு?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் எந்தத் தட்டில் முட்டை பெரிதாக இருக்கிறது என்று பார்த்தீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. தோள்பையில் உங்கள் பாட்டில் இருக்கும். என் வீட்டுக்காரி ஒவ்வொரு தடவையும் டீ போட்டு நீட்டுவாள். "டியூட்டில இருக்கேன்மா" என்பீர்கள். வீணாக்க மனசில்லாமல் அந்த டீயை நான் குடிப்பேன். எனக்குச் சர்க்கரை வியாதி வந்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று ஒரு சந்தேகம் எனக்கு இன்றுவரை இருக்கிறது.

சாமி விஷயத்தில்தான் உங்கள் புருவம் உச்சிக்குப் போனது. எந்தப் பிள்ளை எந்தச் சாமியோடு வந்ததோ அந்தச் சாமியோடு இருக்கட்டும் என்பது என் வீட்டுக்காரியின் சட்டம். செவ்வாய்க்கிழமை செல்விக்கு மாரியம்மன் கோயில், வெள்ளிக்கிழமை ரியாஸுக்குப் பள்ளிவாசல், ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவுக்குச் சர்ச். மூன்று இடத்துக்கும் மொபெட் ஓட்டுவது நான். மூன்று வாசலிலும் செருப்புக்குக் காவலும் நான். நோன்பு மாதம் வந்தால் வீட்டில் அம்புட்டுப் பேரும் நோன்பாளிகள். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, சாயங்காலம் நோன்புக் கஞ்சி என்று என் மகன் இருந்த கடுமையான நோன்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து அவரவர் சாமியோடு பேசிக்கொள்வார்கள். சத்தம் போடக் கூடாது, பக்கத்துச் சாமிக்குத் தொந்தரவு.

அந்தக் கூட்டத்துக்குள்தான் ஏழாவது ஆளாகப் பாப்பா வந்து சேர்ந்தாள். சின்னஞ்சிறுசு. அவள் பேரும் ஊரும் யாருக்கும் தெரியவில்லை, அதனால் சாமியும் தெரியவில்லை. சாமி இல்லாமல் ஒரு பிள்ளை எப்படித் தூங்கும் என்று மற்றதுகளுக்கு ஒரே கவலை. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் வந்து அவளை மடியில் வைத்து, "பாப்பா, சாமி எப்படிக் கும்பிடுவ?" என்று கேட்டீர்கள். அவள் இறங்கி நின்று, இல்லாத திருநீற்றை எடுத்துப் பூசி, நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டு, இரண்டு கையையும் ஏந்தி முகத்தில் தடவிக்கொண்டு, கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று தோப்புக்கரணமும் போட்டாள்.

என் பக்கம் திரும்பினீர்கள். "இந்தப் பிள்ளைய எந்த மதத்துக்கு மாத்திக்கிட்டு இருக்கீங்க?"

"எனக்கும் அதான் மேடம் புரியல. நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. நான் மட்டும் கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

பாப்பாவை எங்களிடம் தற்காலிகமாகத்தான் விட்டிருந்தீர்கள். இங்கேயே இருக்கட்டும் என்பதா, வெளியூர் விடுதிக்கு அனுப்புவதா என்பது நீங்கள் பார்த்துவிட்டுச் சொல்லும் சொல்லில் இருந்தது. தோப்புக்கரணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரி சரியாகச் சாப்பிடவில்லை. அவளைவிடப் பயந்தவள் செல்வி. எங்களிடம் வருவதற்கு முன்னால் பல இடம் மாற்றப்பட்ட பிள்ளை அவள். துணிப்பையை எடுத்துக்கொண்டு வா என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். எங்களுக்குத் தெரியாமல் எல்லாரையும் மொட்டை மாடியில் வரிசையாக நிறுத்திப் பழக்கியிருக்கிறாள்.

நீங்கள் மறுபடி வந்தபோது ஏழும் எண்ணெய் வைத்துச் சீவி நின்றன. எப்படி இருக்கீங்க என்று கேட்டீர்கள்.

"நல்லா இருக்கோம் மேடம். ஒரு குறையும் இல்லை."

வாய்ப்பாடு மாதிரி, ஒரே ராகம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. என் வீட்டில் இவ்வளவு ஒழுங்கா என்று நெஞ்சை நிமிர்த்தினேன். ஆனால் உங்கள் முகம் இருண்டுவிட்டது. தனித்தனியாகக் கேட்டீர்கள். ஒவ்வொன்றும் அதையே சொன்னது. "யாரு சொல்லிக்குடுத்தது?" என்றீர்கள். மின்விசிறிச் சத்தம் எங்கள் வீட்டில் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். நீங்கள் பையை எடுத்துத் தோளில் மாட்டினீர்கள். பாப்பாவையும் சேர்த்துத்தான் தூக்கப்போகிறீர்கள் என்று நினைத்தேன்.

அப்போது பாப்பா சொன்னாள், "அப்பா என் அப்பளத்தத் தின்னுட்டாரு."

"பாப்பா!" என்று செல்வி அலறினாள்.

நீங்கள் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். "எப்ப?"

"நேத்து. நான் தண்ணி குடிச்சப்ப."

"நீ என்ன செஞ்ச?"

"கிள்ளுனேன்."

"அப்பா அடிச்சாரா?"

பாப்பா யோசித்தாள். அவள் யோசித்த நேரத்தில், ஒருவேளை அடித்தோமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, மேடம்.

"இல்ல. அம்மாதான் அப்பாவ வஞ்சாங்க. அப்பா அவரு அப்பளத்தத் தந்தாரு. அது நமுத்துப்போச்சு."

அதோடு கட்டு உடைந்தது. "எப்பப் பாத்தாலும் உப்புமா" என்றான் ரியாஸ். "உப்புமாவ எவன்டா சொன்னது?" என்று அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி குரல் கேட்டது. "அப்பா சர்ச் வாசல்ல உக்காந்து குறட்டை விடுறாரு, எனக்கு அசிங்கமா இருக்கு" என்றாள் ஸ்டெல்லா. "எனக்குன்னு ஒரு சட்டை கிடையாது, எல்லாத்தையும் இவன் போட்டுக்கிறான்" என்றான் என் சொந்த மகன். செல்வி மட்டும் சுவரில் சாய்ந்து அழுதாள். "எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே. பாப்பாவக் கூட்டிட்டுப் போயிருவாங்களே."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "அழாத. போய் ஒரு டீ போட்டுக் கொண்டா" என்றீர்கள்.

செல்வி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தீர்கள். "சீனி ஜாஸ்தி" என்றீர்கள். ஆனால் டம்ளரைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாத அளவுக்குக் குடித்து முடித்தீர்கள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, பாப்பா இங்கேயே இருக்கட்டும் என்றீர்கள். "அம்புட்டும் குறையால்ல மேடம் சொல்லுச்சுக?" என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

"அடுத்த வேளைச் சோறு கிடைக்கும்னு நம்புற பிள்ளைதான் இந்த வேளைச் சோத்தக் குறை சொல்லும். ஒரு குறையும் இல்லைன்னு சொல்ற வீட்டைத்தான் நான் சுத்திச் சுத்தி வருவேன்." தெருவில் இறங்கியவர் திரும்பிப் பார்த்தீர்கள். "அப்பளத்த விட்டுருங்க."

அதற்காக அடுத்த தடவை மூடியைத் திறக்காமல் விட்டீர்களா என்ன.

இப்போது உங்கள் இடத்தில் ஒரு சின்னப் பெண் வருகிறது. வருவதற்கு முன்னால் போன் பண்ணும். "சூப்பர் சார்" என்று சொல்லி, எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடும். நீங்கள் ஓய்வு பெற்றதும், போன மழைக்காலத்தில் இறந்துபோனதும் அந்தப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு நான், "பிரிட்ஜைத் திறந்து பாத்துட்டுப் போங்கம்மா" என்றேன். "பரவாயில்ல சார், உங்கள நம்புறோம்" என்றது. அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெண் மேல் சந்தேகம். என்னையே பார்க்காமல் நம்பினால், இன்னும் எந்தெந்த வீட்டை நம்பிவிட்டு வருகிறதோ.

மேலூர்க் கதைக்கு வருகிறேன். "ஒரு குறையும் இல்லை" என்று செல்வி சொன்னாளே, அதே ராகம், மேடம். மொட்டை மாடியில் அவள் சொல்லிக்கொடுத்த ராகம். சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை கடையிலிருந்து வந்தார். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். "வாங்க மாமா" என்று அவ்வளவு மரியாதை. மரியாதை கூடக்கூட எனக்கு உறுத்தியது. சாப்பிட்டு எழுந்தோம். கை கழுவுகிற சாக்கில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். விழவில்லை. சம்பந்தியம்மா காபி போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நீங்கள் ஏன் எங்கள் வீட்டில் குடிக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. வாய் இனித்துவிட்டால் கேட்க வேண்டியதைக் கேட்க வராது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சே மாமா" என்றார் மாப்பிள்ளை. என்னை ஏன் விரட்டுகிறார்? நான் பையைக் கீழே வைத்துவிட்டு நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"செல்வி, மேடத்துக்கிட்ட நம்ம பாப்பா ஒரு அப்பளம் சொன்னாளே, ஞாபகம் இருக்கா?"

தட்டு எடுத்துக்கொண்டிருந்தவள் நின்றாள். புருஷனைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். எது வந்தாலும் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

"பாத்ரூம் தாழ்ப்பாள் விழ மாட்டேங்குதுப்பா" என்றாள். முதலில் மெதுவாகத்தான். அப்புறம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "கடை பூராத் தாழ்ப்பாளாத் தொங்குது! வீட்டுல நான் ஒரு கையில கதவப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையில குளிக்கிறேன். கேட்டா நாளைக்கு, நாளைக்கு. அந்த நாளைக்கு எந்தக் காலண்டர்ல இருக்குன்னு கேளுங்க!"

"மாமா முன்னாடி ஏன்டி…" என்று நெளிந்தார் மாப்பிள்ளை.

"நல்லாக் கேளுத்தா!" என்று பாய்ந்தார் மாமியார். "எனக்கும் இதே பதில்தான். இவன் அப்பனும் இப்படித்தான்." அதே மூச்சில் என் பக்கம் திரும்பினார். "அதுக்காக ஒங்க மகளும் லேசுப்பட்டவ இல்லண்ணே. சாம்பார் வைக்கிறாளா, புளிய ஊத்திக் குடுக்குறாளான்னே தெரியல."

"புளி வாங்குனது யாரு அத்தை?"

வீடு களை கட்டிவிட்டது. நான் செல்வியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை ஆட்டி, குரல் உயர்த்தி, மாமியார் பேச்சில் குறுக்கே புகுந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சண்டை போட்டாள். அடுத்த வேளைச் சோறு இங்கே இருக்கிறது என்று நம்புகிற முகம்.

"ஏன்த்தா முதல்லயே சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க கவலைப்படுவீங்கன்னுதான்ப்பா."

"நீ சொல்லலைன்னாத்தான்த்தா எனக்குக் கவலை" என்றேன். பிறகு சம்பந்தியம்மாவிடம், "இப்ப அந்தக் காபியக் குடுங்கம்மா" என்றேன்.

ஒரு வாய் குடித்தேன். "சீனி ஜாஸ்தி" என்றேன்.

"போட்டுக் குடுத்தா குறையா சொல்றீக?" என்று அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்தார். செல்வி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணும் கலங்கியிருந்தது. டம்ளரில் ஒரு சொட்டு வைக்காமல் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பஸ் மாட்டுத்தாவணி வருவதற்குள் மாப்பிள்ளை போன் பண்ணிவிட்டார். "மாமா, தாழ்ப்பாள் மாட்டிட்டேன். இப்ப ஜம்முனு விழுகுது."

"சந்தோஷம் மாப்ள" என்றேன்.

நம்பவில்லை. சொல்லாமல் ஒரு நாள் போய் இறங்கி, உள்ளே நின்று நானே போட்டுப் பார்ப்பேன், மேடம்.