எண் கொடுக்காத கால்கள்

நாள் 212, 08:10
என்செலடஸ் பனி நிலையம். எழுதுவது மங்களேஸ்வரி, மின்னணுப் பொறியாளர். இங்கே இரண்டே பேர். நான் தங்குமிடத்தில், செல்ஸ்டின் பனியைத் துளையிடும் துளைக்கூடத்தில். இரண்டையும் இணைக்கும் பாதை நேற்று விரிசல் விட்டது. அதில் இப்போது காற்று இல்லை. இரண்டு பக்கத்துக்குமான காற்றுக் கட்டுப்பாட்டுப் பலகையும் எரிந்துவிட்டது. உதிரிப் பலகையை மாட்டினேன். அதன் சிப்பில் எந்தக் கால் எந்தக் கம்பிக்கு என்று மென்பொருளில் ஒவ்வொன்றாக எண் கொடுக்க வேண்டும். சுத்த குமாஸ்தா வேலை.

நாள் 212, 09:25
பட்டியல் நீளம். தங்குமிடத்து வரிகளை மட்டும் வடிகட்டி வைத்துக்கொண்டு எண் கொடுத்தேன். எல்லாக் கட்டமும் நிரம்பியது. தொகுத்து, சிப்பில் ஏற்றினேன். பிழை இல்லை. எச்சரிக்கைகள் நூற்றுப் பதினாறு. அதையெல்லாம் யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

நாள் 212, 12:40
செல்ஸ்டின் ரேடியோவில்: "எக்கா, தல ரொம்ப வலிக்கி. காத்து வருதான்னு ஒரு தடவ பாருங்களேன்."
பார்த்தேன். பட்டியலுக்குப் போட்ட வடிகட்டியை நான் எடுக்கவே இல்லை. துளைக்கூடத்து வால்வுக்கும் அலாரத்துக்கும் எண்ணே கொடுக்கவில்லை. மென்பொருள் அவற்றைத் தன் இஷ்டத்துக்கு வேறு கால்களில் வைத்துவிட்டு, வால்வுக் கம்பி இருக்கும் கால் உட்பட மிச்சக் கால்களைப் பூஜ்ஜியத்தில் கட்டிவிட்டது. பூஜ்ஜியம் என்றால் வால்வு மூடிக்கொள்ளும். மூன்று மணி நேரமாக மூடியிருக்கிறது.

நாள் 212, 12:47
எண் கொடுத்துவிட்டேன். தொகுக்க ஐம்பது நிமிடம் ஆகும். அவனிடம் அரை மணி நேரக் காற்றுகூட இராது. வால்வைக் கையால் திறக்க வழியில்லை. அவன் பக்கக் கதவைத் திறந்தால் இருக்கிற காற்றும் போய்விடும். விண்ணுடை இரண்டும் என் பக்கம்.

நாள் 212, 13:05
"என்ன கோளாறுக்கா?"
"கேபிள் போயிருக்கு, செல்ஸ்டின். பேசாம படுத்துக்கோ."
"நீங்க இருக்கீயள்லா, பாத்துக்கிடுவீய. எனக்கென்ன பயம்."
தொகுப்பு முப்பத்தாறு சதவீதம். வெட்கமாக இருக்கிறது. அழுகை வரவில்லை.

நாள் 212, 13:22
கூப்பிட்டேன். மூச்சுச் சத்தம் மட்டும். எழுபது.

நாள் 212, 13:38
ஏற்றினேன். வால்வு திறந்தது. துளைக்கூடத்துக்குக் காற்று போகிறது. கூப்பிட்டேன்.

நாள் 212, 14:30
கூப்பிட்டேன்.

நாள் 212, 16:00
கூப்பிட்டேன். பிறகு பூமிக்கு அறிக்கை அனுப்பினேன். சாப்பிட்டேன்.

நாள் 213, 07:50
பூமியிலிருந்து: "காரணம் கேபிள் கோளாறு எனப் பதிந்துகொண்டோம். செல்ஸ்டினின் அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். கடைசி வரை அவன்கூடப் பேசிக்கிட்டு இருந்தீங்களாமே என்றார்."
இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் சரி. கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோதித்துப் பார்க்கலாம்.