எண்பத்தேழில் ஒரு பங்கு

பிப்ரவரி 9

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, சரக்குப் பெட்டிகளுக்குத் துருவின் நிறம் அடிப்பது என்று இன்று காலை முடிவாயிற்று. வெறும் பழுப்பா, செம்பழுப்பா என்பதில் மூன்று வாரமாகக் கருத்து வேறுபாடு நிலவி வந்தது. செம்பழுப்பு ஒருமனதாக நிறைவேறியது. குழுவில் நான் ஒருவன்தான் உறுப்பினன்.

சமையலறைக் குழாய் ஒழுகுவது பற்றி மனைவி கொண்டுவந்த தீர்மானம் நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது.

பிப்ரவரி 11

செம்பழுப்பு இன்னும் காயவில்லை. சமையலறைத் தரையும்.

பிப்ரவரி 16

என் மாதிரி ரயில்வேக்குப் புது எஞ்சின் வந்தது. நிஜ எஞ்சினில் எண்பத்தேழில் ஒரு பங்கு நீளம். விலையில் அந்த விகிதம் கடைப்பிடிக்கப்படவில்லை.

பார்சல்களை அலுவலக முகவரிக்குத்தான் வரவழைக்கிறேன். சாப்பாட்டுப் பையில், காலி டப்பாவுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளர் நான். தீயில் போனது, திருட்டில் போனது என்று ஜனங்கள் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். மிச்ச நேரத்தில் இது.

மனைவி அலமாரியைப் பார்த்தாள்.

"இது புதுசா?"

"பழசுதான். பெயின்ட் அடிச்சேன்."

"பொருள் திடீர்னு உண்டாகாதுன்னு இன்னைக்குத்தான் ஒன்பதாம் வகுப்புல நடத்திட்டு வந்தேன்" என்றாள். "இங்க மட்டும் பழசு புதுசு புதுசா வருது."

விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள். இயற்பியல் ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொண்டவன் இன்னும் கொஞ்சம் யோசித்துப் பொய் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 24

ரயில் ஓடும் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கம்பிக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். மனைவியின் பாதங்கள் வந்து நின்றன.

"வெளிய வாங்க. ஒரு விஷயம்."

"அப்படியே சொல்லேன், கேக்குது."

பாதங்கள் ஓர் அடி பின்வாங்கின. பிறகு சொன்னாள். தலைமையாசிரியை பதவி கிடைத்துவிட்டது. கடலோர ஊர் ஒன்றில், பெரிய பள்ளி. ஜூன் முதல் தேதி சேர வேண்டும். என் நிறுவனத்துக்கும் அங்கே கிளை இருக்கிறதாம், விசாரித்துவிட்டாளாம். "ரெண்டு பேரும் போயிடலாம்."

இருபத்தாறு வருட உத்தியோகத்தில் அவள் தனக்காகக் கேட்டது இது ஒன்றுதான். நான் உடனே கேட்ட கேள்வியை இங்கே எழுதிவைக்கிறேன். ஒரு மனிதனை மதிப்பிட இது போதும்.

"கடல் காத்துல தண்டவாளம் துரு பிடிக்குமே?"

"வாழ்த்துகள்னு ஒரு வார்த்தை இருக்கு" என்றாள். பாதங்கள் போய்விட்டன.

மார்ச் 2

மேசையை அளந்தேன். பன்னிரண்டு அடிக்கு ஏழு அடி. கதவையும் அளந்தேன். நேராகவும் போகாது, சாய்த்தாலும் போகாது. ஜன்னலைப் பற்றிப் பேச்சே இல்லை.

மகன் வேலை கிடைத்து வெளியூர் போனதும் அவன் அறையில் துண்டு துண்டாகக் கட்டினேன். திருகி, ஒட்டி, மேலே மலையும் எழுப்பினேன். இதை ஒருநாள் வெளியே எடுக்க வேண்டிவரும் என்று ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எடுப்பதென்றால் ரம்பம்தான்.

மார்ச் 8

மைத்துனன் வந்தான். அக்காவுக்குப் பூங்கொத்து, எனக்கு உபதேசம்.

"மாமா, இதுக்குக் கொட்டின காசுல நிஜ ரயில்ல படுத்துக்கிட்டே உலகத்தைச் சுத்தியிருக்கலாம்."

"அதுல ஸ்டேஷன் எனக்குச் சொந்தமா இருக்காது."

"இதுல மட்டும்? வீடே வாடகை வீடு!"

மனைவி சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு நாளாயிற்று. அது என்னைப் பற்றிய சிரிப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

மார்ச் 15

மொத்தம் எவ்வளவு செலவழித்திருப்பேன்? தொழில்முறையில் மதிப்பிட உட்கார்ந்தேன். இழப்பீடு கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ரசீது. என்னிடம் ஒரு ரசீதும் இல்லை. குடும்ப அமைதியை முன்னிட்டு எல்லாவற்றையும் அவ்வப்போது அழித்துவிட்டேன்.

கோப்பு மூடப்பட்டது.

எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் வேறு. மகனின் பட்டமளிப்பு விழா அன்றைக்கு எங்கள் மாதிரி ரயில் சங்கத்தின் கண்காட்சி. மனைவிக்குப் பித்தப்பையில் கல் எடுத்த வாரம் நான் பாலம் கட்டிக்கொண்டிருந்தேன். மருத்துவமனைக்குப் போனேன், போகாமல் இல்லை. கையில் பசை காயாமல் போனேன்.

மார்ச் 22

சிக்னல் வந்து பார்த்தார். எங்கள் சங்கத்தின் தலைவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். யார் பேசினாலும் கையை உயர்த்தி நிறுத்துவார். பெயர் அப்படி வந்தது. சங்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் நின்றபடி.

"எஞ்சின் அத்தனையும் நான் எடுத்துக்கறேன். தண்டவாளம் பாதி விலை."

"மலை?"

"மலைக்கு ஏதுய்யா விலை? காகிதமும் சுண்ணாம்பும்."

"நாலு மாசம் ஆச்சு அதுக்கு."

கை உயர்ந்தது. "அதைத்தான் சொல்றேன். மாசத்தை யாரு வாங்குவா?"

தேநீர் குடிக்கும்போது, அவர் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "வீட்டுல நான்தான்" என்றார் சந்தோஷமாக. "அவ போனதுக்கப்புறம் கூடத்துல ரெட்டைப் பாதை போட்டுட்டேன். இப்ப சமையல்கட்டு வரைக்கும் போகுது. அடுப்பைத்தான் கொஞ்சம் நகர்த்தணும்."

ஏப்ரல் 5

இன்று முழு அட்டவணையும் ஓட்டினோம். சங்கத்து ஆட்கள் நால்வரும். தலைமை நிலையத்திலிருந்து சுரங்கத்துக்கு நான் ஐந்து எட்டு வைத்தால் போதும். அதை ஒரு மணி நேரப் பயணம் என்று நம்ப வேண்டுமானால் நேரத்தையும் சுருக்கியாக வேண்டும். அதற்குத்தான் சுவரில் வேகக் கடிகாரம். நம் கடிகாரத்தைப் போல ஆறு மடங்கு வேகம். வெளியே ஒரு மணி நேரம் ஆவதற்குள் அதில் காலை முடிந்து மதியம் வந்துவிடும். வண்டி தடம் புரண்டால் கடிகாரத்தை நிறுத்திவிடுவோம். அப்போது எந்த வண்டியும் தாமதமாகாது. ஓட்டும் நேரத்தில் கைக்கடிகாரமும் கைபேசியும் அறைக்குள் வரக்கூடாது என்று சங்கத்தில் ஒரு விதி. முன்மொழிந்தவன் நான்.

இந்த அறையில் கழித்த மாலைகளை அந்தக் கடிகாரத்தின்படி கூட்டினால் நான் செத்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். சில நாள் மனைவி கதவருகே நின்று பார்க்கும் பார்வையில் அந்தக் கணக்கு தெரிகிறது.

ஏப்ரல் 19

மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். போகிறேன். மேசையை ரம்பத்தால் அறுத்துச் சிக்னலிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் துள்ளிக் குதிக்கவில்லை. அறைக்குள் வந்து, முதல் தடவையாக, நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "ஒரு வண்டி விடுங்க பாப்போம்."

பயணிகள் வண்டியை விட்டேன். மலையைச் சுற்றி வந்து நிலையத்தில் நின்றது. நடைமேடையில் கையில் பெட்டியோடு நிற்கும் முக்கால் அங்குலப் பெண்ணை அவள் குனிந்து பார்த்தாள்.

"இந்தம்மா எத்தனை வருஷமா நிக்கறாங்க?"

"ஆறு வருஷம் இருக்கும்."

"வண்டிதான் நிக்குதே. ஏறக்கூடாதா?"

"காலை ஒட்டியிருக்கேன்."

அவள் தன் விரல் நுனியால் அந்தப் பெண்ணின் தலையை லேசாகத் தொட்டுவிட்டு எழுந்து போனாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் வண்டியை அங்கேயே நிறுத்திவைத்திருந்தேன். எதற்கு? ஏறிவிடுவாள் என்றா?

மே 4

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ஜூன் முப்பதுக்குள் அங்கே சேர வேண்டும். மனைவி இரண்டு பயணச்சீட்டு எடுத்துவிட்டாள். மே 26, காலை பதினொரு மணி வண்டி. ஜன்னலோர இடம் எனக்காம். "உங்களுக்குத்தானே சிக்னல் எல்லாம் பாக்கணும்."

இப்படிப் பேசி எவ்வளவு நாளாயிற்று.

மே 25

சாமான்கள் லாரியில் போய்விட்டன. கட்டில்களும் போய்விட்டதால் மனைவி மைத்துனன் வீட்டில் தங்குகிறாள். காலையில் அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிடுவாள். வீட்டுக்காரர் காலையிலேயே வேலைக்குப் போகிறவர். எட்டு மணிக்குள் அவரிடம் ஒரு சாவியைக் கொடுக்க நான் மட்டும் இங்கே. இன்னொரு சாவி சிக்னலிடம். அறுப்பதை அவர் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் இப்போது மிச்சம் ரயில்வே மட்டும்.

"பத்து மணிக்கெல்லாம் கெளம்பிடுங்க" என்று மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவை சொல்ல நான் என்ன குழந்தையா என்று கேட்டேன்.

மே 26

எழுதத்தான் வேண்டும்.

கடைசியாக ஒரு தடவை அட்டவணையை ஓட்டிப் பார்க்க நினைத்தேன். முழு நாள் அல்ல. காலை ஆறு மணிப் பால் வண்டியிலிருந்து மதியம் பன்னிரண்டு விரைவு வண்டி வரை. வெளியே ஒரே மணி நேரம். எட்டரைக்கு ஆரம்பித்தால் ஒன்பதரைக்கு முடியும். குளித்துவிட்டுக் கிளம்ப நேரம் தாராளம். விதிப்படி கைபேசியைச் சமையலறையில் வைத்தேன். கைக்கடிகாரத்தை அதன் மேல் வைத்தேன். கூடத்துச் சுவர்க் கடிகாரம் லாரியில் போய்விட்டிருந்தது.

ஒன்பது நாற்பதுக்கு, அதாவது அந்தக் கடிகாரத்தின் ஒன்பது நாற்பதுக்கு, சரக்கு வண்டி வளைவில் தடம் புரண்டது. வெயிலில் தண்டவாளம் நெளிந்திருக்கிறது. கடிகாரத்தை நிறுத்தினேன். மேசைக்கு அடியில் போனேன். பழைய இணைப்பை எடுத்து, தேய்த்து, ஈயம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி ஒரு தடவை. நாளை அறுக்கப்போகிற மேசை அது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் செய்தேன். வெளியே வந்து பார்த்தபோது சுவரில் மணி ஒன்பது நாற்பது. பரவாயில்லை, நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கடிகாரத்தைத் திரும்ப ஓடவிட்டேன்.

பன்னிரண்டு மணி விரைவு வண்டி ஒரு நொடி பிசகாமல் வந்து நின்றது.

சமையலறையில் கைபேசி துடித்துத் துடித்துத் தானாகவே ஓரமாக நகர்ந்து போயிருந்தது. பதினொன்று இருபது.

என்ன மனுஷன்டா நீ. ஒரே ஒரு வண்டி. ஒரே ஒரு நிஜ வண்டி. அதைப் பிடிக்க முடியல உன்னால.

கூப்பிட்டேன். வண்டியின் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "கதவு சாத்தற வரைக்கும் பிளாட்பாரத்துலதான் நின்னேன்."

"வந்து... என்ன ஆச்சுன்னா—"

"கேக்கலையே நான். உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்ல."

"அப்ப சரி."

"சாயங்கால வண்டில வந்துடறேன்."

"வேண்டாம். அவசரமில்ல. முடிச்சுட்டே வாங்க."

திட்டியிருக்கலாம். சாபம் விட்டிருக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் விடை சொல்லத் தெரியாமல் நிற்கும் பிள்ளையிடம் 'உக்காரு' என்று சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

மே 27

ஜன்னலோர இடத்தில் பையை வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். மைத்துனன் சொன்னான். வேறு எதுவும் அவன் சொல்லவில்லை. அவன் கேலி செய்யாமல் பேசி நான் கேட்டதில்லை.

ஜூன் 2

பள்ளி எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றாள். கடல் தெரிகிறதாம். எப்போது வருகிறீர்கள் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். மணி அடித்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 7

முதல் வெட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்யச் சங்கம் கூடியது. மலையில் தொடங்கலாம் என்றார் ஒருவர். பாலத்தை முதலில் காப்பாற்ற வேண்டும் என்றார் இன்னொருவர். சிக்னல் கையை உயர்த்தினார். காற்றில் ஈரம் அதிகம், இப்போது அறுத்தால் பலகை பிளக்கும் என்றார். பிளந்தால் என்ன, போகிற பலகைதானே என்று யாரும் கேட்கவில்லை. நானும்.

ஒருமனதாக ஒத்திவைக்கப்பட்டது.

ஜூன் 8

வீட்டுக்காரரிடம் இன்னும் ஒரு மாதம் கேட்டேன். தாராளமாக இருங்கள் என்றார். கட்டில் இல்லாததால் மேசைக்கு அடியில் படுக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் கம்பிகள் மட்டும் தெரிகின்றன. மேலே இருக்கும் ஊர், மலை, ஸ்டேஷன் எதுவும் தெரியவில்லை. ஆறு வருடம் மனைவிக்குத் தெரிந்ததும் இவ்வளவாகத்தான் இருந்திருக்கும்: அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள்.

ஜூன் 15

ரம்பத்தை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூன் 16

எடுக்கவில்லை.

ஜூன் 21

மகன் கூப்பிட்டான். "அப்பா, நெஜமா கேக்கறேன், கோபப்படாதீங்க. அம்மாகூட இருக்கணும்னு ஆசை இருக்கா இல்லையா?"

இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை. ஆசை இருப்பவன் செய்கிற ஒரு காரியத்தையும் நான் செய்யவில்லை என்பதும் பொய்யில்லை. என்னிடம் இழப்பீடு கேட்டு இப்படி ஒருவர் வந்திருந்தால் இரண்டே வரியில் நிராகரித்திருப்பேன்.

"என்னப்பா சத்தமே காணோம்?"

வளைவில் வண்டி போய்க்கொண்டிருந்தது. இப்போது புரள்வதில்லை.

ஜூலை 3

அந்தக் கிளையில் என் இடத்துக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். முப்பதாம் தேதிக்குள் சேராததால் உத்தரவு தானாகவே ரத்து. மேலாளர் என் மேசையைக் காட்டி, "நல்லவேளை, இன்னும் யாருக்கும் குடுக்கல" என்றார். நன்றி சொன்னேன்.

மனைவிக்குச் சொல்லக் கூப்பிட்டேன். முழுவதும் கேட்டாள். "சரி" என்றாள்.

ஜூலை 19

மனைவிக்குப் பள்ளி வளாகத்திலேயே குடியிருப்பு கொடுத்திருக்கிறார்கள். ஓர் அறை, ஒரு சமையலறை. மகன் சொன்னான்.

மதியம் லாரி வந்தது. கட்டில் ஒன்று, நாற்காலி ஒன்று, என் சட்டைகள் இருந்த பெட்டி. இறக்குக் கூலியை அங்கேயே கட்டியிருந்தாள்.