மேஸ்திரி மட்டும் இருந்தான்

மார்ச் 3
பல் தேய்க்கும்போதே மின்னஞ்சலில் திட்டு. பெயர்களை அகர வரிசையில் அடுக்கும் என் மென்பொருள் தொகுப்பு யாருடைய வருகைப் பதிவையோ குழப்பிவிட்டதாம். ஒன்பது வருடமாக இதை இலவசமாகப் பராமரிப்பவளுக்குக் காலை வணக்கம் இதுதான்.

கணவர் சொல்லிவிட்டார்: “இந்தத் தடவையும் லேப்டாப் வந்துச்சுன்னா நான் கடலுக்கு வரல. ரெண்டு தடவ பட்டது போதும்.”

மார்ச் 8
தொகுப்பை என்னோடு பார்த்துக்கொள்ள இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள்! ஒருவர் நூலகர். இன்னொருவர் இணையத்தில் ‘முயல்’. முகம் பார்த்ததில்லை. பரவாயில்லை, கோவில் கட்டவே தோன்றுகிறது.

மார்ச் 15
யார் எதைப் பார்ப்பது என்று பேசியே மதியம் போனது. முயல் காற்புள்ளிகளை மாற்றினார், நூலகர் திரும்பப் போட்டார். நான் விதி எழுதினேன்: ஒரு வாரம் சத்தமில்லாத பொறுப்பாளர் நீக்கப்படுவார்; திரும்ப வர வேறு இரண்டு பொறுப்பாளர்கள் சம்மதிக்க வேண்டும். நீக்கும் வேலைக்கு ஒரு சின்ன நிரல். பெயர் மேஸ்திரி. அதிகாரம் வேண்டுமே என்று அவனையும் பொறுப்பாளராக்கினோம்.

எவ்வளவு புத்திசாலி நான்.

மார்ச் 22
“நீங்க ரெண்டு பேரும் இருக்கற தைரியத்துல பத்து நாள் போறேன்” என்று எழுதினேன். இருவரும் கட்டைவிரல் காட்டினார்கள். லேப்டாப் பீரோவில். சாவி கணவரிடம்.

மார்ச் 27
கடல். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கிளிஞ்சல்களைப் பெரிதிலிருந்து சிறிதாக வைத்தேன்.

“அதையும் அடுக்க ஆரம்பிச்சிட்டியா?”

வயிறு வலிக்கச் சிரித்தோம். எத்தனை நாளாயிற்று.

ஏப்ரல் 2
வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால், ஐயோ. நூலகர் வீடு மாறப் போயிருக்கிறார், முயல் பரீட்சைக்கு. மேஸ்திரி இருவரையும் தூக்கிவிட்டு, என்னையும் தூக்கிவிட்டான். ‘உங்கள் சேவைக்கு நன்றி.’ என் தொகுப்பு! திரும்ப நுழைய இரண்டு பேர் வேண்டும், இருப்பதோ அவன் ஒருவன். யாரைப் போய்க் கேட்பது? என் விதி, என் தலையிலேயே.

நூலகர் போன் செய்தார். “நீங்க இருக்கீங்கன்னுதானே நான் போனேன்?”

“நானும் அப்படித்தான் போனேன்.”

ஏப்ரல் 9
ஒரு வாரமாக யாருக்கும் பதில் எழுதாததால் மேஸ்திரி தன்னையே நீக்கிக்கொண்டான். தனக்கே நன்றியும் சொல்லியிருக்கிறான். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அந்த நன்றிக்குக் கீழே யாரோ கேட்டிருந்தார்: ‘இங்கே ஆள் இருக்கிறீர்களா?’

பதில் எழுதக் கை போனது. லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கணவரிடம் கொடுத்தேன். மலைக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன்.