கட்டைவிரல் தனியாப் போகுது

மாப்ளே,

நாளிதழில் சுற்றிச் சணலால் கட்டிய ஒரு பொட்டலம் என் மேசைமேல் இருக்கிறது. அவிழ்த்த உடனே ஏலக்காய் வாசம் அறையெல்லாம் பரவிவிட்டது. போடியில் ஏலக்காய் வாசம் ஒரு செய்தியே அல்ல. பஸ்சில் பக்கத்தில் உட்காருகிறவர் சட்டையிலும் அது இருக்கும். ஆனால் இது நீ காய் உலர்த்திய ஸ்டோரின் வாசம். விறகுப்புகை கொஞ்சம், ஈரச்சாக்கு கொஞ்சம், அதற்கு மேலே காய். உள்ளே இருந்தது ஓர் இசைத்தட்டு. விளிம்பு இரண்டு இடத்தில் அலைபோல எழுந்து தாழ்கிறது. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

கொண்டுவந்து கொடுத்தது தங்கச்சி, உன் மனைவிதான். வாசலிலேயே நின்றது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "இத உங்ககிட்டதேன் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாருண்ணே. நீங்க துட்டி கேக்க வருவீங்க, அப்பக் குடுப்போம்னு இருந்தேன்" என்றது. நான் வந்தேன் மாப்ளே. உன் தெருமுனை வரை வந்தேன். உன் சாவுக்குப் போட்ட பந்தலும் நாற்காலிகளும் தெரிந்தன. திரும்பிவிட்டேன். அதைத் தங்கச்சியிடம் சொல்லவில்லை.

உனக்குத் தெரியும், நான் எளிதில் எதையும் மறக்கிறவன் இல்லை. எனக்குப் பின்னால் வந்தவனைத் துறைத்தலைவர் ஆக்கிய கல்லூரியை மறக்கவில்லை. கிணறு உள்ள பாகத்தைத் தனக்கு எழுதிக்கொண்ட அண்ணனோடு இன்றுவரை பேச்சில்லை. அந்த வரிசையில் உன் பெயரையும் இருபத்திரண்டு வருடம் வைத்திருந்தேன். உன்மேல் எனக்கு என்ன கோபம் என்று யாராவது கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. யாரும் கேட்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

என் சித்தப்பா நைஜீரியாவில் கணக்கு வாத்தியாராகப் பதினாறு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியபோது மற்றவர்கள் கொண்டுவருகிற எதையும் கொண்டுவரவில்லை. மூன்று மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள் கொண்டுவந்தார். அந்த ஊர்க் கித்தார்க் குழுக்கள், ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டாக ஓடும் ஊதல் வாத்தியக் கச்சேரிகள், அமெரிக்கக் கறுப்பர்களின் புளூஸ், ஜாஸ். ஞாயிறு மதியம் மூன்று மணிக்குத் தட்டுப் போடுவார். ஒரு பக்கம் முடியும்வரை யாரும் பேசக்கூடாது. உறவினர்கள் ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வரவில்லை. என் அம்மா அதற்குப் பேய்ச்சத்தம் என்று பெயர் வைத்தாள்.

ஒரு ஞாயிறு என்னைத் தேடிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்த நீ சன்னலுக்கு வெளியே நின்று ஒரு முழுப் பக்கத்தைக் கேட்டாய். பத்தாவதோடு படிப்பை விட்டு, சில வருடம் கூலிவேலை பார்த்துவிட்டு, மலைமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்து ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலைக்கு அப்போதுதான் போயிருந்தாய். முடிந்ததும் சித்தப்பா உள்ளே கூப்பிட்டார். நிலைப்படி ஓரமாக உட்கார்ந்தாய். அவர் அடுத்த தட்டைப் போட்டார். சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி இருபத்தொரு தந்தி கட்டிய கோரா என்ற வாத்தியம், கூடவே ஒருவர் குரல். கேட்டு முடித்ததும், வாசிப்பது இரண்டு பேர் என்று நான் சொன்னேன். உறையில் அப்படித்தான் படித்த நினைவு.

"ஒருத்தன்தேன்" என்றாய் நீ. "கட்டைவிரல் தனியாப் போகுது. மத்த விரலு அதச் சுத்தி வெளையாடுது."

சித்தப்பா உறையை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒருவர்தான். இரண்டாவது பெயர் பாடியவருடையது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, உன்னைத்தான் பார்த்தார். அடுத்த ஞாயிறு இடதுபக்க ஒலிபெருக்கிக்கு எதிரே ஒரு பிரம்பு நாற்காலி போடப்பட்டிருந்தது. அது உனக்கு.

உன்னை எப்படிப் பாராட்டுவது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். புளூஸ் என்றால் அடிமைகளின் கண்ணீர் என்று ஒரு புத்தகத்தில் படித்து உனக்கு விளக்கினேன். நீ தலையாட்டிக் கேட்டாய். தட்டு ஓடியது. முடிந்ததும், "இவன் அழுகல மாப்ளே. யாரையோ கேலி பண்றான். அழுகுற மாதிரிச் சொன்னாத்தேன் அந்தக் கேலி ஒறைக்கும்" என்றாய். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது உனக்கு. பிறகு நான் பாட்டின் சொற்களைத் தேடிப் படித்தேன். முதலாளியின் குதிரை வண்டியைப் பற்றிய நக்கல் அது. இன்னொரு தட்டில் கித்தாரைக் கேட்டுவிட்டு, "விரல் இல்ல, என்னமோ கண்ணாடிய வச்சுத் தேய்க்கிறான்" என்றாய். உறையின் படத்தில் அந்த மனிதர் சுண்டுவிரலில் உடைந்த பாட்டில் கழுத்தை மாட்டியிருந்தார். உறையைப் படித்தவன் நான், படத்தைப் பார்த்தவனும் நான்.

ஜாஸ் எனக்குப் பிடிபடவே இல்லை. ஊதுகிறவனையே எல்லோரும் கவனிக்கும்போது நீ டிரம் அடிக்கிறவனைக் கவனிப்பாய். "அடிக்காம விடுறான் பாரு, அதுலதேன் மத்தவன் நடக்குறான்" என்பாய். நைஜீரியாவின் லாகோஸ் நகரக் கச்சேரிகளில் குடுக்கைமேல் மணி கோத்துக் குலுக்கும் சத்தம் ஒன்று வரும். அதற்கு மட்டும் உன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். சட்டைப் பையிலிருந்து பத்துக் காயை எடுத்து உள்ளங்கையில் மூடிக் காதருகே குலுக்குவாய். காய் உலர்ந்ததா என்று நீ பார்ப்பது அப்படித்தானே. உள்ளே விதை பிரிந்து சலசலத்தால் உலர்ந்தது, மந்தமாகக் கேட்டால் இன்னும் நேரம் வேண்டும். அந்தக் காதை வைத்துத்தான் நீ உலகத்தையே கேட்டாய் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அந்த ஆடி மாதத்துக்கு வருகிறேன். காய் எடுப்பு உச்சத்தில் இருந்தது. மலையில் மழை. ஆறு வாரமாக நீ கீழே இறங்கவில்லை. சித்தப்பாவிடம் கெஞ்சிப் பதினோரு தட்டுகளையும் சிறிய பிளேயரையும் வாங்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன். "சாரல் படாமக் கொண்டு போ. ஞாயித்துக்கெழம வந்துரணும்" என்று மட்டும் சொன்னார். ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் வந்தேன். மெட்டுக்கு மேல் படுதா கிழிந்து சாரல் நேராகப் பெட்டிமேல் அடித்தது. உன் ஸ்டோருக்கு வந்து பிரித்தால் உறைகள் ஊறித் தட்டோடு ஒட்டியிருந்தன.

நீ பதறவில்லை. பஞ்சுத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாய். "நெழல்ல நிறுத்தி வையி. ரெண்டு நாளுல சரியாயிரும். வெரசாக் காய வைக்கணும்னு நெனைக்காத" என்றாய். மறுநாள் ஞாயிறு. இரண்டு நாள் எனக்கு இல்லை. பச்சைக்காயை எடை போட்டு வாங்க நீ கீழ்க்காட்டுக்குப் போனதும், உலர்த்தும் அறையைத் திறந்தேன். மிதமான சூடுதான். மேல் அடுக்கில் கம்பிவலை காலியாக இருந்தது. பதினொன்றையும் அதில் பரப்பிக் கதவைச் சாத்திவிட்டு உன் குடியிருப்பில் போய்ப் படுத்தேன். தூங்கிவிட்டேன்.

நீ திரும்பி வந்தாய். கீழ் அடுக்குக் காய்க்குக் கடைசிச் சூடு தர வேண்டிய நேரம். காற்றுப்போக்குப் பலகைகளை மூடி அடுப்பில் விறகைக் கூட்டினாய். மேல் அடுக்கைப் பார்க்க உனக்கு எந்தக் காரணமும் இல்லை.

கதவைத் திறந்தபோது அவை வலைமேல் வாடிய வெற்றிலைபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா மாப்ளே" என்றாய், மெதுவாக. நான், "தீயக் கூட்டுனது நீதானே" என்றேன்.

அதே வாக்கியத்தைத்தான் சித்தப்பாவிடமும் சொன்னேன். ஸ்டோரில் வைத்திருந்தேன், அவன் பார்க்காமல் தீயைக் கூட்டிவிட்டான் என்று. அதில் எந்தச் சொல்லும் பொய் இல்லை. படித்தவன் பொய் சொல்லும் முறை அது. இரண்டு ஞாயிறு கழித்து நீ குளித்து வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு வந்தாய். சித்தப்பா வாசலை மறித்து நின்றார். நான் உள்ளே உன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"தீயக் கூட்டுனது நீயா?"

நீ அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாய். ஒரு தட்டின் இரண்டு சுற்று நேரம் இருக்கும். நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல அவ்வளவு நேரம் போதும்.

"ஆமா சார். நான்தேன்."

"இனிமே வராத."

நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு பஸ் நிலையத்தில், சந்தையில், உன்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டினேன். நீ என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் ஒரு மாதத்தில் சமாதானம் ஆகியிருப்பேன். காட்டிக்கொடுக்காதவனை மன்னிக்க எனக்கு வழி தெரியவில்லை.

தங்கச்சி சொன்னது: அன்றைக்கு நான் விறகுக்குவியலில் எறிந்துவிட்டு வந்தவற்றில் இந்த ஒன்றை நீ எடுத்து வைத்தாயாம். இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவே வைத்து, அறையிலிருந்து எடுத்த சூட்டோடு காய்மூட்டையை மேலே ஏற்றி, மழைக்காலம் முழுக்க நிமிர்த்திப் பார்த்தாயாம். முக்கால்வாசி நிமிர்ந்தது. தேனியில் பழைய சாமான் கடையில் ஒரு பிளேயர் வாங்கினாயாம். "ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு இந்த ஒன்னத்தேன் போடுவாருண்ணே. மேட்டுல ஏறுற ஜீப்பு மாதிரி இழுக்கும். பிள்ளைக சிரிக்கும். 'இவன் கொண்டை ஊசி வளைவுல பாடுறான், ஆனா வண்டிய விடல'ம்பாரு."

மூன்று மணி. அந்த நேரத்தையும் நீ விடவில்லை.

நேற்றுச் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். எண்பத்து நான்கு வயது. பிரம்பு நாற்காலி அங்கேயேதான் இருந்தது, மேலே பழைய நாளிதழ்கள். பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். மேல் அடுக்கில் வைத்தது நான் என்று சொன்னேன். அவனுக்குத் தெரியாது, நீங்கள் கேட்டபோதும் அவன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை என்றேன். அவர் விளிம்பின் வளைவை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போனது பதினொன்னு" என்றார். "மிச்சம் அம்புட்டும் இங்கதான இருந்துச்சு. நீ சொல்லியிருந்தா அவன் வந்து கேட்டிருப்பான்ல."

இத்தனை வருடத்தில் இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை மாப்ளே. கெட்டுப்போனது சித்தப்பாவின் தட்டுகள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவரே எழுந்து தட்டைப் போட்டார். முள் எழுந்து தாழ்ந்து ஓடியது. அதே கோராதான், நீ முதல்நாள் கேட்டது. குரல் சரிந்து இறங்கி மறுபடி மேடேறியது. நான் நாளிதழ்களைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்காரப் போனேன்.

"அது அவன் எடம்டா" என்றார் சித்தப்பா, திரும்பிப் பார்க்காமலே.

நிலைப்படி ஓரமாக உட்கார்ந்தேன். பக்கம் முடியும்வரை இருவரும் பேசவில்லை. அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார். போவேன். உன் பொட்டலத்தின் அடியில் பத்துக் காய் கிடந்தன. தங்கச்சி வைத்ததா, நீ முன்பே வைத்ததா, கேட்கவில்லை. சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். சற்றுமுன் எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தேன். இத்தனை நாளைக்குப் பிறகும் விதை பிரிந்துதான் சலசலக்கிறது. நன்றாக உலர்த்தியிருக்கிறாய். நேற்று அந்த வளைந்த குரலுக்கு அடியில் கட்டைவிரல் தனியாகப் போவதை, முதல்முறையாக, யாரும் சொல்லாமலே கேட்டேன்.