உப்பு வெளியே

6 மே 2025, செவ்வாய்
என் வீட்டுக்காரி லூர்துமேரிக்கு வாய்ப் புற்றுக்குக் கரண்ட் வைத்து முடித்துவிட்டார்கள். கட்டி கரைந்ததாம். ஆனால் வாயெல்லாம் புண். கஞ்சி இறங்கவில்லை. முப்பத்தெட்டு கிலோ இருக்கிறாள். திங்கட்கிழமைக்குள் இன்னும் குறைந்தால் மூக்கில் குழாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குக் குழாய் என்றால் நடுக்கம். எனக்கும்தான் — சொல்லவில்லை.

குளிர்ச்சியாகக் கொடுக்கச் சொன்னார். கடை ஐஸ்கிரீம் எரிகிறது என்று துப்பிவிட்டாள்.

"லூர்துமேரி" என்று பிழையில்லாமல் எழுதிவிட்டேன், எழுபத்தொரு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டு. இந்த நேரத்தில் இதற்குப் போய்ச் சந்தோஷமா? சந்தோஷம்தான்.

7 மே
வீட்டிலேயே ஐஸ்கிரீம் செய்ய மேல்வீட்டுத் தமயந்தி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே வழி சொன்னாள்: "மெஷின்லாம் வேணாம் பெரிப்பா. தூக்குல பால ஊத்தி, பெயின்ட் பக்கெட்டுல ஐஸுக்குள்ள வெச்சு சுத்திக்கினே இருங்க." இன்னும் என்னவோ சொன்னாள். அவள் வாய் வேகம், என் கை மெது. பொருள்களை மட்டும் தாளில் எழுதிப் பிடித்தேன். பால், சர்க்கரை, ஐஸ், உப்பு 2 பிடி.

8 மே
மீன்கடை யூஜினிடம் ஐஸ் கேட்டேன். "இன்னா தாத்தா, மீனே இல்லாம ஐஸ வெச்சு கொழம்பா?" என்று சிரித்தான்.

சாக்கில் போட்டுச் சுத்தியலால் உடைத்தேன். கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறை உடைத்த கை இன்னும் மறக்கவில்லை.

இரண்டு பிடி உப்பு அதிகமாகப் பட்டது. பாயசத்துக்கே ஒரு சிட்டிகைதானே? ஆனால் எழுதியிருக்கிறதே! பிடியைக் குறைத்துப் பாலில் இரண்டு ஸ்பூன் மட்டும் போட்டேன். எனக்குச் சர்க்கரை நோய், ருசி பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் சுற்றியும் உறையவில்லை. அப்படியே கொடுத்தேன்.

ஒரு வாய்தான். ஐயோ. துப்பக்கூட முடியாம வாயப் பொத்திக்கினா. கண்ணெல்லாம் தண்ணி. புண்ணுல உப்ப வெச்சிட்டேனே — நானே வெச்சிட்டேனே.

9 மே
என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

தமயந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "பெரிப்பா! உப்பு பாலுக்கு இல்ல, ஐஸுக்கு! வெளியே போடறது. அப்பத்தான் உள்ள பால் உறையும்."

எழுத்து தெரியாத காலத்தில் நான் எதையும் மறந்ததில்லை. எல்லாம் தலையில் இருந்தது. இப்போது தாளை நம்பினேன்.

இன்னும் மூன்று நாள்.

10 மே
உப்பு வெளியே. உப்பு வெளியே. பக்கெட்டிலும் பெரிதாக எழுதி ஒட்டினேன்.

கை மரத்துப்போகும்வரை சுற்றினேன். தூக்கின் ஓரத்தில் பால் வெள்ளையாகப் பிடித்தது! கிண்ணத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மொதல்ல நீ துன்னு காட்டு."

சர்க்கரை நோயாவது ஒன்றாவது, இரண்டு ஸ்பூன் தின்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். அரைக் கிண்ணம் போனது.

11 மே
காலையில் அரை. சாயங்காலம் அரை. எடைக்கு இது போதுமா? யாரைக் கேட்பது?

12 மே, திங்கள்
அதே முப்பத்தெட்டு. குறையவில்லை. குழாய் இப்போதைக்கு வேண்டாமாம். ஆட்டோ எங்கள் ஜீவனஹள்ளிக்குள் திரும்பும்போது, "வூட்ல பால் கீதா?" என்றாள்.

14 மே
இன்று எழுத நேரமில்லை. கிண்ணத்தைத் தட்டிக் கூப்பிடுகிறாள்.