நவம்பர் வரை தொடாதே

ஆக்லாந்து,
நியூசிலாந்து,
4 ஆகஸ்ட் 2003

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் "சரி, சரி" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுகிறாய். அதனால் எழுத்தில் போடுகிறேன்.

உன் பேரில் அங்கே பாங்கில், நம் டோங்கா பணத்தில் பன்னிரண்டாயிரம் பாங்கா போட்டிருக்கிறேன். பகலில் ஆஸ்பத்திரித் துணி வெளுத்து, மாலையில் மீன் வெட்டி, நாலு வருஷம் சேர்த்தது. இங்கே குடிவந்தால் நீ யார் கையையும் எதிர்பார்க்க மாட்டாய் என்று குடியேற்ற அலுவலகத்தில் காட்ட வேண்டும். நவம்பர் கடைசியில் பாஸ்புக்கைப் பார்ப்பார்கள். அதுவரை தொடாதே.

செப்டம்பரில் சபையின் வருஷக் காணிக்கை, மிசினாலே, வருகிறது. சபை நடுவே பெயரைக் கூப்பிட்டுத் தொகையைப் படிப்பார்கள் என்று வீறாப்புக் காட்டாதே. இருபது பாங்காவோடு நிறுத்திக்கொள். ஊர் என்ன சொன்னால் நமக்கென்ன?

ஜன்னல் உள்ள அறையை உனக்கென்று காலி செய்து வைத்திருக்கிறேன்.

உன் அன்பு மகள்,
லாவினியா

வவாவு,
டோங்கா,
29 செப்டம்பர் 2003

என் செல்ல மகளுக்கு,

நான் நலம். கிழங்கு நன்றாக விளைந்திருக்கிறது. பன்றி ஐந்து குட்டி போட்டது. நீதான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நினைக்கிறேன்.

மிசினாலே முடிந்தது. அதற்கு முந்தின புதன்கிழமை, பாட்டுப் பயிற்சியில் உன் சித்தி ஹெய்லாலா எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்: "ஏன் ஃபூசிக்கா, உன் பொண்ணு நியூசிலாந்துல இருக்காளா, இல்ல மண்ணுக்குள்ள போயிட்டாளா? நாலு வருஷமா காணிக்கைல அவ பேரே காணோமே." எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி பாங்குக்குப் போய்ப் பணத்தை எடுத்தேன். கணக்கு மூடாமலிருக்க ஒரு பாங்கா விட்டுவைக்கச் சொன்னார்கள். குறைந்த அந்த ஒன்றை என் மடியிலிருந்து போட்டு நேர் செய்தேன்.

"லாவினியா, ஆக்லாந்து, பன்னிரண்டாயிரம்" என்று படித்தார்கள். சபையே எழுந்து நின்றது. ஹெய்லாலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோபித்துக்கொள்ளாதே. கடவுள் அந்த அதிகாரிகளின் மனதை இளக்குவார்.

உன் அம்மா

ஆக்லாந்து,
14 அக்டோபர் 2003

அம்மா,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சபையே எழுந்து நின்றதா? நல்லது. இனி முழங்கால் வலித்தால் அந்தச் சபையைக் கூப்பிடு.

நாலு வருஷம் மீன் நாற்றத்தோடு பஸ்ஸில் வீடு திரும்பினேன். என் பக்கத்து சீட்டில் ஒருத்தரும் உட்கார்ந்ததில்லை. அத்தனையையும் ஹெய்லாலாவின் ஒரு வாய்ச் சொல்லுக்குத் தாரைவார்த்துவிட்டாய். என் பேரைப் படிக்கச் சொல்லி நான் கேட்டேனா?

விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படக்கூட இல்லை. "இந்த வருஷம் நீங்க மூணாவது டோங்கா ஆளு. மிசினாலே முடியறதுக்கு முன்னாடி அம்மா பேர்ல யாராவது பணம் போடுவாங்களா?" என்றார். போட்ட நான்தான் மடச்சி.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். தனியாக ஒரு நாள்கூடப் பிழைக்கத் தெரியாதவளை அப்படிப்பட்டவள் இல்லை என்று காட்டப் பார்த்தது என் முட்டாள்தனம். ஜன்னல் அறைக்கு வாடகைக்கு ஆள் வந்தாயிற்று.

லாவினியா

வவாவு,
3 நவம்பர் 2003

லாவினியாவுக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. யாரையும் கூப்பிடவில்லை.

மீன் நாற்றத்தைப் பற்றி நீ இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தெரிந்திருந்தால் ஹெய்லாலாவின் கன்னத்தைத் தொட்டிருப்பேன், பணத்தைத் தொட்டிருக்க மாட்டேன். அது என் தப்பு. சாகும்வரை உறுத்தும்.

ஆனால் பிழைக்கத் தெரியாதவள் என்று எழுதினாயே, அதை நான் மன்னிக்க மாட்டேன். உன் அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது உனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு நீ தின்ற ஒவ்வொரு கவளத்துக்கும் எந்த அலுவலகம் என் பாஸ்புக்கைக் கேட்டது?

இரண்டு பன்றிக்குட்டிகளை விற்று நாற்பது பாங்காவை பாங்கில் போட்டேன். பாஸ்புக்கை இதனுடன் வைத்திருக்கிறேன். ஏற்கெனவே அதில் கிடந்த ஒன்றுக்கு ஈடாக என் மடிக்காசு உன் பேரில் காணிக்கையாகப் போய்விட்டது. ஆகவே நாற்பத்தொன்றும் என்னுடையது.

முன்பு இருந்த பன்னிரண்டாயிரத்தில் ஒரு காசுகூட என்னுடையதில்லை. அதைத்தான் என்னுடையது என்று காட்டப் போனாய். இப்போது இதைக் கொண்டுபோய்க் காட்டு.

வாடகைக்கு வந்தவரைக் கிளப்பாதே.

ஃபூசி